ஊமையான கணினிகள்

கணினி நம் ஊர் வீடுகளுக்குள் நுழைந்து ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒருமுறையாவது இப்படிச் சொல்லியிருப்போம்: "விண்டோஸ் மாத்தினதிலேருந்து சத்தமே வரலை." ஸ்பீக்கர் அதே ஸ்பீக்கர், வயர் அதே வயர். நேற்று வரை பாடிய பெட்டி இன்று வாய் திறக்காது. பார்க்க வரும் சர்வீஸ் தம்பி முதலில் கேட்பது, "சார், போர்டு சி.டி. இருக்கா?" நம்மிடம் இருக்காது.

இந்தச் சங்கடத்துக்குப் பின்னால் நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், பழுதில்லாத பொருளைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்போம்.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதற்குப் பேச்சும் தெரியாது, பாட்டும் தெரியாது. 'பீப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அலுவலகத்தில் கணக்குப் பார்க்க வந்த இயந்திரத்துக்குப் பாட்டு எதற்கு என்று நினைத்திருப்பார்கள். 1987-இல் கனடாவின் கியூபெக் நகரில், இசைப் பேராசிரியராக இருந்த ஒருவர் தொடங்கிய 'ஆட்லிப்' நிறுவனம், யமஹா சிப்பை வைத்து ஒரு சவுண்டு கார்டு கொண்டுவந்தது. கணினி இசைக்க ஆரம்பித்தது.

பேச வைத்தது சிங்கப்பூர். நம் மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கம் சிங்கப்பூர் என்றால் பக்கத்து ஊர் மாதிரி. அங்கே சைனாடவுனில் இருந்த பேர்ல்ஸ் சென்டரில் 1981-இல் சிம் வோங் ஹூ என்பவர் ஒரு சிறிய கணினிப் பழுதுபார்க்கும் கடை போட்டார். பாலிடெக்னிக்கில் படித்தவர். அந்தக் கடைதான் 'கிரியேட்டிவ் டெக்னாலஜி' ஆனது. 1989-இல் அவர்கள் வெளியிட்ட 'சவுண்டு பிளாஸ்டர்' கார்டு, ஆட்லிப் செய்ததை எல்லாம் செய்தது. கூடவே பதிவு செய்த மனிதக் குரலையும் ஒலித்தது. 1992-இல் ஆட்லிப் திவாலானது. அதே ஆண்டு கிரியேட்டிவ், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனம் ஆனது. சிம் 2023 ஜனவரியில் காலமானார்.

இனி 'டிரைவர்' என்ற சொல்லுக்கு வருவோம். பஸ் டிரைவரை நினைத்துக்கொண்டால் விஷயம் புரியாது. துபாஷியை நினைத்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரியில் துய்ப்ளே துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அந்த மாதிரி. துரைக்குத் தமிழ் தெரியாது. வியாபாரிக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவில் இரு மொழியும் அறிந்த ஒருவர். கணினியில் துரை என்பது விண்டோஸ் போன்ற இயங்குதளம். வியாபாரி என்பது சவுண்டு கார்டு. நடுவில் நிற்கும் சிறிய மென்பொருள்தான் டிரைவர்.

துரை மாறிப் புதிய துரை வேறு மொழி பேசிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? வியாபாரி அதே ஆள், சரக்கும் அதே சரக்கு. பழைய துபாஷிக்கு மட்டும் வேலை போய்விடும். புதிய துபாஷி வரும்வரை வியாபாரம் நின்றுவிடும். விண்டோஸ் மாற்றியதும் சத்தம் போனதற்குக் காரணம் இதுதான்.

டாஸ் காலத்தில் இந்தத் தொல்லை வேறு மாதிரி. கார்டு எந்த முகவரியில் இருக்கிறது, எந்த வழியில் கணினியைக் கூப்பிடும் என்பதை நாமே ஒரு கோப்பில் எண்களாக எழுதிவைக்க வேண்டும். 220, 5, 1 என்ற எண்கள் அன்று கணினி படித்தவர்களுக்கு மனப்பாடம். பிரிண்டரும் கார்டும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டால் சண்டை வரும். 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, 'செருகினால் போதும், நானே பார்த்துக்கொள்கிறேன்' என்றது. ஆங்கிலத்தில் 'பிளக் அண்ட் பிளே' என்று பெயர். செருகிவிட்டுச் சாமி கும்பிட வேண்டும் என்ற பொருளில் 'பிளக் அண்ட் பிரே' என்று கேலி செய்தார்கள்.

பிறகு சவுண்டு கார்டு என்ற தனிப் பொருளே குறைந்தது. 1997-இல் இன்டெல் 'ஏசி 97' என்ற முறையை வகுத்தது. ஒலிக்கான சிப் மதர்போர்டிலேயே வந்து உட்கார்ந்தது. விலை குறைந்தது. சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்த கணினிகள் நம் ஊருக்கு வந்த காலம் அது. மதர்போர்டு அட்டைப்பெட்டியில் ஒரு சி.டி. இருக்கும். துபாஷி அதற்குள்தான் இருந்தார். அட்டைப்பெட்டியோடு சி.டி.யும் பழைய பேப்பர்காரரிடம் போனது.

2004-இல் இன்டெல் 'ஹெச்.டி. ஆடியோ' என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. அப்போது ஊரெங்கும் ஓடிய விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தது. அதற்கு இந்தப் புது மொழியின் அரிச்சுவடியே தெரியாது. முதலில் மைக்ரோசாப்ட் கொடுத்த ஒரு பாலத்தைப் போட்டு, அதன் மேல் ரியல்டெக் போன்ற சிப் நிறுவனத்தின் டிரைவரைப் போட வேண்டும். வரிசை தவறினால் மஞ்சள் ஆச்சரியக்குறி போகாது. டிரைவரை இணையத்தில் இறக்கலாம் என்றால், இணைய இணைப்புக்கான டிரைவரும் அதே தொலைந்த சி.டி.யில்தான் இருக்கும்! பிரவுசிங் சென்டருக்குப் போய் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வருவார்கள்.

இதில் தேர்ந்த தம்பிகள் ஒரு சாமர்த்தியம் வைத்திருந்தார்கள். மஞ்சள் குறி விழுந்த பொருளின் உள்ளே போனால் ஒரு நீண்ட எண் கிடைக்கும். அதில் செய்தவரின் எண் 10 இ.சி. என்றிருந்தால் ரியல்டெக், 1106 என்றிருந்தால் வியா. ஊர், பேர் தெரியாத போர்டுக்கும் அப்படிக் கோத்திரம் கண்டுபிடித்து டிரைவர் போட்டுவிடுவார்கள். எந்தக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்காத வித்தை. அதற்கு அவர்கள் வாங்கிய கூலி மிகக் குறைவு.

2007 ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, ஒலிப் பகுதியை அடியோடு மாற்றி எழுதியது. உலகம் முழுக்க நல்ல நிலையில் இருந்த கார்டுகள் பல ஊமையாயின. கிரியேட்டிவ் நிறுவனத்தின் சில கார்டுகளுக்குப் புதிய டிரைவர் வந்தும் பழைய வசதிகள் சில வரவில்லை. பிரேசில் நாட்டைச் சேர்ந்த ஒருவர் அந்த டிரைவர்களைத் தானே திருத்தி, விடுபட்ட வசதிகளை இயங்கச் செய்து மற்றவர்களுக்கும் கொடுத்தார். 2008 மார்ச்சில் நிறுவனம் பகிரங்கமாக அவரை நிறுத்தச் சொன்னது. எந்த கார்டுக்கு எந்த வசதி கொடுப்பது என்பது தங்கள் வியாபார முடிவு என்றது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். நிறுவனம் பின்வாங்க நேர்ந்தது.

ஆக, தடை எப்போதும் இயந்திரத்தில் இல்லை. துபாஷிக்குத் தெரிந்த மொழியை நிறுவனம் பூட்டி வைத்திருந்தது. புதிதாக ஒரு துபாஷியை அனுப்புவதைவிட, புதிதாக ஒரு கார்டை விற்பது அதற்கு லாபம்.

பூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், தகராறு செய்த ஜெராக்ஸ் பிரிண்டரைச் சரிசெய்ய அதன் நிரலைக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பு, 1983-இல் அவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு ஒரு காரணம். அந்த வழியில் வளர்ந்த லினக்ஸில், 1998-இல் செக் நாட்டு யாரோஸ்லாவ் கைசெலா தொடங்கிய 'ஆல்சா' என்ற ஒலிப் பகுதியில் எல்லா டிரைவர்களும் யாரும் படிக்கும்படி திறந்தே இருக்கின்றன. புதிய பதிப்பு வரும்போது பழைய கார்டின் டிரைவரையும் யாராவது திருத்திச் சேர்த்துவிடுகிறார்கள். பல கார்டுகள் செய்தவர் கைவிட்ட பிறகும் அங்கே பாடிக்கொண்டிருக்கின்றன.

சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இந்த வகைதான். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நம் மாவட்டப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். பலர் அந்தப் பக்கம் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

'சத்தம்தானே, போனால் போகிறது' என்று சிலர் சொல்வார்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளையின் குரலை யாஹூ மெசஞ்சர் வழியாக ஹெட்போனில் கேட்பதற்காகவே கணினி வாங்கிய வீடுகள் நம் பக்கம் உண்டு. அயல்நாட்டு அழைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு போன காலம். என் தெருவில் ஒரு அம்மாள், கணினி ஊமையாகிக் கிடந்த வாரம் முழுக்க வாசலிலேயே உட்கார்ந்து சர்வீஸ் தம்பிக்காகக் காத்திருந்தார். சரிசெய்யக் கூப்பிட்ட கடைக்காரர் ஒருவர், புது போர்டு போட்டால்தான் ஆகும் என்று சாதித்தார். பிறகு வேறொரு தம்பி வந்து அரை மணி நேரத்தில் டிரைவரை மட்டும் போட்டார். மகன் குரல் வந்துவிட்டது.

பார்வையற்றவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' என்ற திரை வாசிப்பான், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிறது, தமிழிலும் சொல்லும். அப்படிப் படிப்பவருக்கு ஒலி நின்றுவிட்டால் கணினியே இருண்டுவிட்டது என்று பொருள். எங்கே கோளாறு என்று தேடிப் பார்க்கவும் அவரால் முடியாது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், பலர் இப்போது மாற்றிக்கொண்டிருப்பீர்கள். மாற்றுவதற்கு முன் மதர்போர்டின் பெயரைக் குறித்து வையுங்கள். டிரைவர் கோப்புகளை ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்துங்கள். மாற்றிய பின் சத்தம் வரவில்லையா? ஸ்பீக்கர் சரியான துளையில் இருக்கிறதா, ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள், டி.வி. வயருக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அடுத்து மஞ்சள் குறி. புதுப் பொருள் வாங்குவது கடைசியில்தான்.

நம் குடுமியான்மலையில், குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். ஏழு பகுதிகளாகச் சுர வரிசைகள். ஒவ்வொரு சுரமும் நான்கு விதமான உயிரொலிகளோடு எழுதப்பட்டிருக்கிறது. அந்த வேறுபாடு எதைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. கல்லும் நிற்கிறது, எழுத்தும் நிற்கிறது. அதை வாசித்துக் காட்டும் முறை மட்டும் யாரோடோ போய்விட்டது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளில் நேர்ந்த அந்த இழப்பு நம் வீட்டுப் பெட்டிக்குப் பத்தே ஆண்டுகளில் நேர்கிறது. அங்கே சொல்லித்தர ஆள் இல்லை. இங்கே, தேடினால் இன்னும் கிடைக்கிறது.