மிருதங்கத் தோலில் மணல்

மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை மேல் மெல்லிய மணலைத் தூவி விரலால் தட்டினால் மணல் துள்ளி ஓடும். தோல் எங்கெல்லாம் அசையாமல் நிற்கிறதோ, அந்தக் கோடுகளில் போய் ஒதுங்கும். சி.வி. ராமன் மிருதங்கத்தின் நாதத்தைக் கண்ணால் பார்த்தது இப்படித்தான்.

1888-ல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ராமனுக்குச் சங்கீதம் வீட்டிலேயே இருந்தது. அப்பா சந்திரசேகர ஐயர் வயலின் வாசிப்பார். மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பார். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930-ல் நோபல் பரிசு வாங்குவதற்குப் பத்தாண்டு முன்பே, கல்கத்தாவிலிருந்து சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் நம் தாளவாத்தியங்களைப் பற்றி எழுதினார். 1934-ல் அதையே விரிவாக ஆராய்ந்தார்.

அவரை ஈர்த்தது ஒரு கணக்கு. வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படை அதிர்வோடு அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே எழும். காதுக்குச் சுருதி தெளிவாகப் பிடிபடுவது இந்த முழு எண்களால்தான். ஒரே கனத்தில் இழுத்துக் கட்டிய வட்டத் தோலிலோ மடங்குகள் 1.59, 2.14, 2.30 என்று தாறுமாறாகப் போகும். சத்தம் வரும், சுருதி நிற்காது.

மிருதங்கத்தில் நிற்கிறது. காரணம், நடுவிலுள்ள கருவட்டம்.

சோறு என்றும் கரணை என்றும் அதைச் சொல்வார்கள். கல்லை இடித்துச் சலித்த கரும்பொடியைச் சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக அப்பி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்து, அதன்மேல் அடுத்த பூச்சு. நடுவே தடித்து ஓரத்தில் மெலிய வேண்டும். தேய்க்கையில் மயிரிழை விரிசல்கள் விழும். அவை இருந்தால்தான் கெட்டியான பூச்சு தோலோடு சேர்ந்து வளையும். இந்தக் கூடுதல் எடையால் ஒன்பது விதமான அதிர்வுகள் 1, 2, 3, 4, 5 என்ற ஐந்து மடங்குகளுக்குள் வந்து அடங்குவதை ராமன் கண்டார்.

மோதிர விரலைச் சோற்றின் ஓரத்தில் மெல்ல வைத்து, ஆள்காட்டி விரலால் விளிம்பில் தட்டினால் 'நம்' என்று எழுகிறதே, அது இரண்டாம் மடங்கு. தோலின் குறுக்கே ஒரு கோடு அசையாமல் நிற்க, இரு பாதிகளும் மாறி மாறி எழுந்து தாழும்.

இந்த அமைப்பைச் சூத்திரம் எதுவும் இல்லாமல், காதை மட்டும் நம்பிச் செய்து பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று எந்த ஏட்டிலும் பெயர் இல்லை. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்து போன்ற தஞ்சாவூர்க் கைவினைஞர்களின் கதையை பாடகர் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலில் விரிவாக எழுதியது 2020-ல்தான்.