கத்திரி வெயிலும் கல்லடைப்பும்



சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் காட்சியைக் காணத் திரளும் மக்களுக்கு நீர்மோரும் பானகமும் வழங்கும் பந்தல்களை மதுரையில் நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனை அறம் என்று போற்றுகிறோம். அது நல்ல மருத்துவமும் ஆகும்.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைப் பெரிதும் தடுத்துவிடுவதால், மதுரைச் சமவெளி ஐப்பசி, கார்த்திகை மழையையே மிகுதியும் நம்பியிருக்கிறது. மே மாதக் கத்திரி வெயிலில் வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. உடலின் நீர் வியர்வையாகக் கழிந்துவிட, சிறுநீர் குறைந்து செறிவடைகிறது. அதில் கரைந்துள்ள உப்புகள் படிகங்களாகத் திரள்கின்றன. உப்பளத்தில் நீர் வற்ற வற்ற உப்பு விளைவதை இதற்கு உவமையாகச் சொல்லலாம். இவ்வாறு விளைந்த கல் சிறுநீரகத்தை விட்டு நகர்ந்து குழாயில் சிக்கினால், விலாவிலிருந்து அடிவயிறு வரை தாங்கொணா வலி உண்டாகும். நீர்ப்பையின் வாயை அடைத்தால் நீரே பிரியாது. ஆண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் வழி நீண்டதாகையால், கல் இடையில் சிக்கும் இடர் அவர்களுக்கே மிகுதி.

இந்நோய் பழமையானது. சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி நூல் நீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையை விரித்துரைக்கிறது. அறுவை செய்யாவிடில் சாவு உறுதி, செய்தாலோ பிழைப்பது ஐயம். ஆதலின் தலைவனின் இசைவு பெற்றே அதனைச் செய்க என்கிறது அந்நூல். நம் சித்த மருத்துவர்கள் இந்நோயைக் கல்லடைப்பு என்றனர். நெருஞ்சிலையும் சிறுபீளையையும் இதற்கு மருந்தாகக் கொண்டனர்.

கல் தோன்றுவதற்குக் காரணம் யாது? குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்திய இராபர்ட் மக்காரிசன் 1931 இல் இதுபற்றி ஓர் உரை வெளியிட்டார். வடமேற்கு இந்தியாவில் சிறுவர்களை வாட்டிய நீர்ப்பைக் கல் தென்னாட்டில் அத்துணை காணப்படவில்லை. குறையுடைய உணவு கொடுத்து எலிகளுக்குக் கல் உண்டாக்கிய அவர், பால் சேர்த்து அதனைத் தடுத்தும் காட்டினார். அப்படியாயின் வெயிலுக்குப் பங்கில்லையா? உண்டு. இரண்டாம் உலகப் போரில் பாலைநிலத்தில் பணியாற்றிய அமெரிக்க வீரரிடையே சிறுநீரகக் கல் தோன்றியதை ஆராய்ந்த மருத்துவர்கள் 1945 இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். சிறுவரின் நீர்ப்பைக் கல்லில் உணவுக் குறை முதன்மையானது. சிறுநீரகக் கல்லிலோ வெப்பமும் நீரிழப்பும் உணவோடு சேர்ந்து கொள்கின்றன.

மருத்துவமும் வளர்ந்தது. 1954 இல் மதுரை மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1980 இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், உடலைக் கீறாமலே அதிர்வலையால் சிறுநீரகக் கல்லை உடைக்கும் சிகிச்சை முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அளிக்கப்பட்டது. அரசனின் இசைவை நாடிய காலம் எங்கே, இக்காலம் எங்கே!

ஆயினும் மருத்துவம் வெல்ல முடியாத பகை ஒன்று உண்டு. அது நாணம். ஒரு கோடையில், தேர்வு நேரத்தில், என் மாணவன் ஒருவன் வயிற்றுவலி என்று வந்து நின்றான். தேர்வுக்கு அஞ்சி நடிக்கிறான் என்று எண்ணி அவனை அமரச் செய்தேன். சிறுநீரில் குருதி கலந்து போவதைச் சொல்ல நாணி, அவன் இரண்டு நாட்களாக மறைத்து வந்தான் என்பது பின்னரே தெரிந்தது. அவன் பிழைத்தான். ஆயினும் அவன் முகம் இன்றும் என் நினைவை விட்டு அகலவில்லை.

ஆதலின் மாணவர்களே, கோடையில் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் நீர் அருந்துங்கள். சிறுநீர் வெளிர்நிறமாக இருப்பது போதிய நீர் அருந்துகிறோம் என்பதற்கு எளிய அடையாளம். விலாவில் கடும் வலியோ, குருதியோ, வலியோடு காய்ச்சலோ, நீரடைப்போ கண்டால் அன்றே பெற்றோரிடம் சொல்லி மருத்துவமனை செல்லுங்கள். கைவலியைச் சொல்வது போலவே இதனையும் சொல்லலாம். கேட்கும் ஆசிரியர்களும் நான் செய்த பிழையைச் செய்யாதிருப்பார்களாக.