நெருங்கி வந்தா மட்டும் ஏன் பயம்? இந்த லிங்கின் பார்க் பாட்டைக் கேளுங்க!

உங்களுக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. அவருக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. எல்லாம் நல்லாத்தான் போகுது. திடீர்னு ஒருநாள், 'உன் சின்ன வயசைப் பத்திச் சொல்லேன்' என்று அவர் கேட்டதும் உங்களுக்குள் ஒரு கதவு படாரென்று சாத்திக்கொள்கிறது. அடுத்த ரெண்டு நாள் வாட்ஸ்அப்பில் ரிப்ளை இல்லை. கேட்டால், 'கொஞ்சம் பிஸி!'

இது உங்களுக்கு நடந்திருக்கா? அப்போ மூன்று நிமிடம்கூட ஓடாத ஒரு பாட்டு உங்களுக்காக இருக்கு. அமெரிக்காவின் லிங்கின் பார்க் இசைக்குழு 2003 மார்ச்சில் வெளியிட்ட 'மெட்டியோரா' ஆல்பத்தில் உள்ள 'ஃப்ரம் தி இன்சைட்'. மெட்டல் கிட்டாரோடு ராப்பையும் டிஜே சத்தங்களையும் கலந்து அடிக்கும் நூ மெட்டல் வகை. முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 8 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆல்பம் அது. அதிலுள்ள 'நம்ப்' அளவுக்கு இந்தப் பாட்டு பிரபலமில்லை. என்னைக் கேட்டால், அதைவிட நேர்மையான பாட்டு இதுதான். (ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்!)

பாட்டு ஆரம்பத்தில் தாலாட்டு மாதிரி மெதுவாக ஆடும். யாரை நம்புவது என்றே தெரியாத ஒருவராக செஸ்டர் பென்னிங்டன் அடங்கிய குரலில் பாடுவார். பிறகு கிட்டார் வந்து மோதும். 'நீ என்னை ஏமாத்திட்ட' என்று எதிராளியைத் திட்டும் பாட்டுகள் ஏராளம். இதில் விஷயமே வேறு. எதிரில் இருப்பவர் கெட்டவரா, நல்லவரா என்ற விவாதமே பெரிதாக இல்லை. தன்னை இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டேன் என்பதுதான் அவருடைய சபதம். கடைசியில் நீளமாக ஓர் அலறல் வரும். ஹெட்செட் போட்டுக் கேளுங்கள். ஜெயித்தவர் குரல் மாதிரியா இருக்கு?

டிஜே ஜோ ஹான் இயக்கி, பிராக் நகரில் எடுத்த வீடியோவில் போலீஸுக்கும் போராட்டக்காரர்களுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது ஒரு சின்னப் பையன். சிறுவயதில் தான் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதை பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னவர் செஸ்டர். 2017-ல் தற்கொலை செய்துகொண்டார். இந்தப் பாட்டு அந்தக் காயத்தைப் பற்றியதுதான் என்று நாம் முடிவுகட்ட வேண்டாம். ஆனால் அந்தக் குரலில் வலி இருக்கிறது.

நெருக்கம் வேணும், ஆனால் நெருங்கினால் பயம் என்ற இந்த இழுபறிக்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு. 1991-ல் கிம் பார்தலோமியூவும் லியோனார்ட் ஹாரோவிட்ஸும் பெரியவர்களின் உறவுப் பாணியை நான்காகப் பிரித்தார்கள். அதில் ஒன்று, 'பயந்து விலகும்' பாணி. இவர்களுக்கு அன்பு தேவைப்படாமல் இல்லை. கிடைத்தால் பறிபோய்விடுமோ, காயப்படுத்திவிடுமோ என்ற பயத்தில் முந்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பொய் சொல்கிறவர், கை ஓங்குகிறவர், போனை நோண்டுகிறவர் மேல் வரும் அவநம்பிக்கை இந்தப் பயம் இல்லை. அது சரியான எச்சரிக்கை. விலகிடுங்க!

எதிரில் இருப்பவர் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறார், ஆனாலும் நீங்கள் ஓடுகிறீர்கள் என்றால், காணாமல் போவதற்குப் பதிலாக ஒரு மெசேஜ் போடலாம்: 'எனக்கு இதெல்லாம் பேச பயமா இருக்கு, கொஞ்சம் டைம் கொடு.' முழுக் கதையையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. பழைய காயம் தூங்கவிடாமல் செய்தால், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம்.