நடுவருக்கு என்ன கொடுப்பது? – பள்ளிக் கூடைப்பந்தாட்டத்தில் ஒரு சொல்லின் வரலாறு

உழைப்புக்குக் கொடுக்கப்படும் பணத்துக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. கூலி, சம்பளம், ஊதியம், சன்மானம், மதிப்பூதியம், படி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பெயர் மாறும்போது கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான உறவும் மாறிவிடுகிறது. கூலி என்பது கேட்டுப் பெறும் உரிமை; சன்மானம் என்பது கொடுப்பவர் மனமுவந்து அளிப்பது. கூலி குறைந்தால் வாதாடலாம். சன்மானம் குறைந்தால் முகம் சுளிப்பதுகூட மரியாதைக் குறைவாகக் கருதப்படும். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் இலக்கியப் பக்கங்களில் அதிகம் பேசப்படாத ஒரு சிறு வரலாற்றை இங்கே பார்க்கலாம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் கூடைப்பந்தாட்டப் பிளே-ஆஃப் சுற்றுகளில் விசில் ஊதும் நடுவர்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வியின் வரலாறு அது.

கூடைப்பந்தாட்டம் பிறந்த நாளிலேயே நடுவரும் பிறந்துவிட்டார். 1891ஆம் ஆண்டு டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் நைஸ்மித் பதின்மூன்று விதிகளை எழுதினார். அவற்றில் இரண்டு விதிகள் நடுவர்களைப் பற்றியவை. ‘அம்பயர்’ ஆட்களைக் கவனிப்பார், ஃபவுல்களைக் குறிப்பார். ‘ரெஃப்ரீ’ பந்தைக் கவனிப்பார், நேரத்தையும் புள்ளிகளையும் கணக்கிடுவார். ஆட்களுக்கு ஒருவர், பந்துக்கு ஒருவர் என்ற இந்தப் பங்கீடு அழகானது. விதிகளில் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. உடலையும் ஒழுக்கத்தையும் சேர்த்து வளர்ப்பதே அந்த அமைப்பின் நோக்கம். (நம் ஊருக்கு இந்த ஆட்டம் பழக்கமானதும் அதே அமைப்பின் வழியாகத்தான். ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஆண்டு 1920.) நடுவர் பணி ஒரு தொண்டு என்ற எண்ணம் இந்த ஊற்றிலிருந்து வந்தது. அது இன்றுவரை வற்றவில்லை.

ஆட்டம் பள்ளிகளுக்குப் பரவியபோது முதல் சிக்கல் எழுந்தது. ஊருக்கு ஊர் போட்டி நடக்கையில் நடுவரை அழைப்பவரும் அவருக்குப் பணம் கொடுப்பவரும் உள்ளூர்ப் பள்ளியாகவே இருப்பதுண்டு. கை நீட்டிப் பணம் கொடுக்கும் பள்ளிக்கு எதிராக அவர் ஃபவுல் சொல்வாரா என்ற ஐயம் வெளியூர் அணிக்கு எழுவது இயல்பு. நடுவரின் வருமானம் அவரது நடுவுநிலைமையோடு நேரடியாக முட்டிக்கொண்ட இடம் இது. மாநிலந்தோறும் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் தோன்றி, நடுவர்களைப் பதிவு செய்யவும் தேர்வு வைத்துத் தகுதி காணவும் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியானா மாநிலச் சங்கம் 1903இல் தோன்றியது. பென்சில்வேனியாவில் 1913இல் அத்தகைய சங்கம் உருவானது. 1920இல் ஐந்து மாநிலங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பே பின்னாளில் தேசியக் கூட்டமைப்பாக வளர்ந்தது.

பிளே-ஆஃப் சுற்றுகளில் ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்ந்தது. வழக்கமான ஆட்டங்களில் நடுவருக்குப் பணம் தருவது பள்ளி அல்லது பள்ளிகள் சேர்ந்த லீக். பிளே-ஆஃப் வந்துவிட்டால் நடுவரைத் தேர்ந்தெடுப்பதும் அவருக்குரிய தொகையை வகுப்பதும் பெரும்பாலும் மாநிலச் சங்கத்தின் பொறுப்பு. இந்த ஏற்பாடு நேர்மையைக் காத்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதனுடன் இன்னொன்றும் சேர்ந்து வந்தது. நூற்றுக்கணக்கான நடுவர்களிலிருந்து ஒருவரைப் பிளே-ஆஃபுக்கு அழைப்பது ஒரு விருது போல ஆகிவிட்டது. மாநில இறுதி ஆட்டத்தில் விசில் ஊதியவர் என்ற பெயர் அவரது ஊரில் ஆயுள் முழுதும் பேசப்படும். விருதாக அளிக்கப்பட்ட பணிக்கு விலை பேசுவது எப்படி? கூலி சன்மானமாக மாறிய தருணம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

அந்த விருதின் பெருமையை உணர இந்தியானாவை நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே மாநிலப் பள்ளிப் போட்டி 1911இல் தொடங்கியது. பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பிரிவினை இல்லாமல் எல்லோரும் ஒரே கோப்பைக்கு மோதும் முறை 1997 வரை நீடித்தது. 1954இல், 161 மாணவர்களே படித்த மைலன் என்ற சிற்றூர்ப் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32–30 என்ற கணக்கில் வென்று கோப்பையைப் பெற்றது. கடைசி நொடிகளில் பந்தைக் கூடையில் இட்ட பாபி பிளம்பின் பெயர் அந்த மாநிலத்தின் நாட்டுப்புறக் கதையாகிவிட்டது. 1986இல் வந்த ‘ஹூசியர்ஸ்’ திரைப்படத்துக்கும் அந்த வெற்றியே தூண்டுதல். அன்று களத்தில் நின்று அந்தக் கூடையைச் செல்லும் என்று அறிவித்த நடுவர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவர்? நடுவரின் பெயர் நினைவில் நிற்கவில்லை என்றால் அவர் தம் பணியைச் செவ்வனே செய்தார் என்று பொருள். அவரது உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது.

1990இல் அதே இந்தியானாவின் பள்ளி இறுதி ஆட்டத்தைக் காண 41,046 பேர் இண்டியானாபொலிஸ் அரங்கில் கூடினர். இது பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கூட்டம் பெருகினால் நுழைவுச்சீட்டு வருமானம் பெருகும். பொதுவாக நடுவரின் தொகை அதனோடு சேர்ந்து வளர்வதில்லை. அது முன்கூட்டியே அச்சிடப்பட்ட பட்டியலில் இருக்கும். முதல் சுற்றுக்கு இவ்வளவு, வட்டார இறுதிக்கு இவ்வளவு, மாநில இறுதிக்கு இவ்வளவு என்று படிப்படியாக ஏறும் பட்டியல் அது. இன்றைக்கும் பள்ளி ஆட்டம் ஒன்றுக்கு நடுவர் ஒருவர் பெறுவது பொதுவாகச் சில பத்து டாலர்களிலிருந்து நூறு டாலரை ஒட்டிய தொகைதான். பதிவுக் கட்டணம், சீருடை, விதித் தேர்வு, பயணச் செலவு ஆகியவற்றில் பெரும்பகுதியை அவரே ஏற்க வேண்டியிருக்கும். சில இடங்களில், வழக்கமான பருவத்தில் லீக்குகள் தரும் தொகையைவிடப் பிளே-ஆஃபின் தொடக்கச் சுற்றுத் தொகை குறைவு என்ற குறையும் நெடுங்காலமாக எழுந்துவருகிறது. பெருமை கூடும்போது பணம் குறையலாம் என்பது சன்மானத்தின் தருக்கம்.

தொழில்முறை ஆட்டங்களின் நடுவர்கள் இந்தத் தருக்கத்தை ஏற்கவில்லை. 1970 அக்டோபர் 3ஆம் நாள், பேஸ்பால் லீக் இறுதித் தொடர்களின் முதல் நாளன்று, பெரிய லீக் நடுவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இறுதித் தொடர்களுக்கான தொகை போதாது என்பதே அவர்களின் முறையீடு. ஒரே நாளில் பேச்சுவார்த்தை வென்றது, தொகை உயர்ந்தது. 1977 ஏப்ரலில், என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தின் 26 நடுவர்களில் 24 பேர் பிளே-ஆஃப் தொடங்கும் வேளையில் விசிலைக் கீழே வைத்தனர். எர்ல் ஸ்ட்ராம், ரிச்சி பவர்ஸ் ஆகிய இருவர் மட்டும் பணியில் நீடித்தனர். இரு வாரங்களுக்குச் சற்று மேல் நீடித்த அந்தப் போராட்டத்தின் முடிவில் நடுவர்களின் சங்கம் அங்கீகாரம் பெற்றது. பிளே-ஆஃப் தொகையும் கூடியது. இரண்டு நிகழ்ச்சிகளிலும் அவர்கள் தேர்ந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். நடுவரின் தேவை மிகக் கூர்மையாக உணரப்படும் காலம் பிளே-ஆஃப்தான்.

பள்ளி நடுவர்களால் ஏன் இப்படிச் செய்ய முடியவில்லை? அவர்கள் பகலில் ஆசிரியர்கள், அஞ்சல் ஊழியர்கள், விற்பனையாளர்கள்; மாலையில்தான் நடுவர்கள். இதை நம்பி எவருடைய அடுப்பும் எரிவதில்லை. ஆனால் அதைவிட வலுவான தடை சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் தொழிற்சங்கம் அமைத்துப் பேரம் பேசும் உரிமையை 1935ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியர்களுக்கு வழங்கியது. 1947இல் வந்த திருத்தம் ‘தனி ஒப்பந்தக்காரர்’ என்ற வகையினரை அந்த உரிமையிலிருந்து விலக்கியது. பள்ளி நடுவர் ஊழியரா, தனி ஒப்பந்தக்காரரா? எல்லாம் இந்தப் பெயரிடுதலில் வந்து நிற்கிறது.

இந்தக் கேள்வி பென்சில்வேனியாவில் நேருக்கு நேராகச் சோதிக்கப்பட்டது. ஆட்டம் கூடைப்பந்து அன்று, லக்ரோஸ். ஆயினும் சங்கம் ஒன்றே, நடைமுறையும் ஒன்றே. மாநிலத்தின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த ஏறத்தாழ 140 லக்ரோஸ் நடுவர்கள் 2015இல் தொழிற்சங்கத்துக்கு வாக்களித்தனர். 2017இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் அவர்கள் ஊழியர்களே என்று முடிவு செய்தது. சீருடை, விதிகள், தகுதி, பிளே-ஆஃபுக்கான தேர்வு ஆகிய அனைத்தையும் சங்கமே தீர்மானிக்கிறது என்பது அந்த முடிவுக்கு வலுச்சேர்த்தது. 2019 ஜூனில் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, அவர்கள் தனி ஒப்பந்தக்காரர்களே என்றது. பணம் ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்கிடப்படுகிறது. வழக்கமான பருவத்தில் அதைத் தருவது பள்ளிகள். சங்கம் நேரடியாகத் தருவது குறுகிய பிளே-ஆஃப் காலத்தில் மட்டும். நடுவருக்கு மிகப் பெரிய கௌரவமாகத் தெரிந்த அந்தச் சில நாள்கள், சட்டத்தின் தராசில் மிகச் சிறிய எடையாக முடிந்தன.

இந்த வரலாற்றில் ஒரு முரணையும் சொல்ல வேண்டும். 1980இல் தொடங்கப்பட்ட அமெரிக்க விளையாட்டு நடுவர்களின் தேசியச் சங்கமே, நடுவர்களைத் தனி ஒப்பந்தக்காரர்களாக அறிவிக்கும் மாதிரிச் சட்டத்தை மாநிலங்களுக்கு முன்வைத்து வந்திருக்கிறது. அது துரோகம் அன்று. நடுவர் ஊழியர் என்று ஆகிவிட்டால் விபத்துக் காப்பீடு, வரிப்பிடித்தம் என்று செலவு ஏறும். பள்ளிகள் ஆட்டங்களையே குறைத்துவிடும் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. இன்ன ஆட்டத்துக்கு வருவேன், இன்னதற்கு வரமாட்டேன் என்று சொல்லும் சுதந்திரத்தையும் பல நடுவர்கள் விலைமதிப்பற்றதாகக் கருதுகிறார்கள். சங்கங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. கூடைப்பந்தாட்டத்தில் வரும் நுழைவு வருமானமே, பார்வையாளர் வராத பல சிறு விளையாட்டுகளைத் தாங்கி நிற்கிறது.

இத்தனை நியாயங்களின் இறுதிப் பலன் என்ன? தேசியக் கூட்டமைப்பின் கணிப்பின்படி, 2018–19 பருவத்துக்குப் பின் வந்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 பள்ளி நடுவர்கள் பணியை விட்டு விலகினர். பெருந்தொற்று அதற்கு ஒரு காரணம். பார்வையாளர் வரிசையிலிருந்து பெற்றோர் வீசும் வசைகள் மற்றொரு காரணம். தொகையை உயர்த்தினால் மட்டும் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வசையைப் பொறுத்துக்கொள்வதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்க எவரும் முன்வரவில்லை என்பது உண்மை. ஆள் கிடைக்காமல் ஆட்டங்கள் நாள் மாற்றி வைக்கப்படுகின்றன. கீழ்நிலை அணிகளின் ஆட்டங்கள் கைவிடப்படுகின்றன. நடுவருக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணத்தின் இழப்பைக் கடைசியில் ஏற்பவர்கள், ஆட ஆசைப்பட்டு வந்த பதினைந்து வயதுப் பிள்ளைகளே.

கௌரவ விரிவுரையாளர் என்ற பதவிப் பெயரை நன்கறிந்த நம் கல்லூரி வாசகர்களுக்கு இந்த வரலாறு அந்நியமாக இராது. ஒருவரைக் கௌரவிப்பதாகச் சொல்லும் பெயரே அவர் உரிமை கேட்கும் வழியை அடைத்துவிடக்கூடும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். திருக்குறளில் ‘ஊதியம்’ என்ற சொல் இலாபம் என்ற பொருளில் வருகிறது; உழைப்புக்கு ஈடு என்ற இன்றைய பொருள் அதற்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. சொற்கள் இப்படி இடம் பெயர்வதுண்டு. அமெரிக்கப் பள்ளி அரங்கில் விசிலோடு நிற்கும் மனிதருக்குத் தரப்படும் தொகையும் ஒரு நாள் சன்மானம் என்ற சொல்லிலிருந்து கூலி என்ற சொல்லுக்குத் திரும்பலாம். அது நிகழும் வரை, கூட்டமைப்புகள் தொகைப் பட்டியலில் சில டாலர்களைக் கூட்டிக்கொண்டிருக்கும். நடுவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டிருக்கும்.