மாதிரி விமானமும் மெய் விமானமும்



அரக்கோணத்தில் வாழ்பவர்க்கு இருவகை ஒலிகள் பழகியவை. ஒன்று இரயில் வண்டியின் ஒலி. 1856-ஆம் ஆண்டில் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னாட்டின் முதல் இருப்புப் பாதை திறக்கப்பட்டபோதே எங்கள் ஊர் அவ்வழியில் அமைந்துவிட்டது. மற்றொன்று விமானத்தின் ஒலி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே ஒரு விமானத்தளம் அமைத்தார்கள். அவ்விடமே 1992-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள், குடியரசுத் தலைவராயிருந்த ஆர். வெங்கடராமன் அவர்களால், 'ராஜாளி' என்னும் பெயருடன் கடற்படையின் விமானத்தளமாகத் தொடங்கிவைக்கப்பெற்றது. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்து அதன் விமான நிலையம் மூடப்பட்டபோது, பயணி விமானங்கள் சில எங்கள் ஊரில் வந்திறங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம்.

இத்தகைய ஊரில் முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் பௌதிக ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமை ஆசிரியனாகவும் பணி செய்தவன் நான். பெரிய விமானத்தைப் பார்த்து அதைப்போலச் சிறிதாகச் செய்து விளையாடுவதே மாதிரி விமானம் என்றுதான் நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். மெய் முன்னது, மாதிரி பின்னது என்பது இயல்பான எண்ணந்தானே? வரலாறோ வேறு விதமாகக் கூறுகிறது.

பிரெஞ்சு நாட்டில் அல்போன்ஸ் பெனோ என்று ஓர் இளைஞர் இருந்தார். கடற்படைத் தளபதி ஒருவரின் மகன். தந்தையைப் போலக் கடற்படையில் சேர விரும்பினார். இடுப்பு நோய் அதற்கு இடங்கொடுக்கவில்லை. கப்பலேற முடியாதவர் வானத்தின்மேல் நாட்டங்கொண்டார். 1871 ஆகஸ்டில் பாரிஸ் நகரத்து டுய்லெரித் தோட்டத்தில், அறிஞர் சிலர் பார்த்திருக்க, அவர் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அதன் இறக்கை இக்கோடிக்கும் அக்கோடிக்கும் 45 சென்டிமீட்டர் அளவினது. முறுக்கிய இரப்பர் இழைகளே அதன் இயந்திரம். பதினொரு விநாடிகளில் ஏறத்தாழ நாற்பது மீட்டர் தூரம் அது பறந்தது.

நாற்பது மீட்டர்தானா என்று கேட்பீர்கள். தூரம் பெரிதன்று, அது கவிழாமற் பறந்ததே பெரிது. பெனோ தம் விமானத்திற்கு ஒரு கிடைவால் அமைத்து, அதனை இறக்கையைவிடச் சற்றுத் தாழ்ந்த கோணத்தில் பொருத்தியிருந்தார். மூக்கு மேலெழுந்தால் வால் அதனைக் கீழிறக்கும். மூக்குத் தாழ்ந்தால் வால் மேலேற்றும். ஓட்டுபவன் இல்லாமலே விமானம் தன்னைத் தானே நேர்ப்படுத்திக்கொண்டது. இன்று நம் தலைக்கு மேலே செல்லும் விமானங்களிற் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டையே கைக்கொண்டுள்ளன. பெனோ அவற்றுள் ஒன்றையும் காணவில்லை. தாம் வரைந்த பெரிய விமானத்தைக் கட்டப் பொருளுதவி செய்வார் இன்றி, 1880-இல், முப்பது வயதிலேயே மறைந்தார்.

அவருடைய வழியில் வந்த இரப்பர் விசிறிப் பொம்மை ஒன்றைத்தான், 1878-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தம் சிறுவர் இருவர்க்கும் வாங்கி வந்தார். அச்சிறுவர்கள் வில்பர் ரைட்டும் ஆர்வில் ரைட்டும் ஆவர். அப்பொம்மையே தங்கள் ஆர்வத்திற்கு வித்து என்று பிற்காலத்தில் அவர்களே எழுதினார்கள்.

ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு ஏழாண்டு முன்னரே, 1896 மே 6-ஆம் நாள், சாமுவேல் லாங்லி என்னும் அறிஞர் நீராவி எஞ்சின் பூட்டிய ஆளில்லா விமானம் ஒன்றைப் போட்டோமாக் ஆற்றின்மேல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் பறக்கவிட்டார். அதன் எடை சுமார் 11 கிலோ. தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் அதனை உடனிருந்து பார்த்தார். ஆனால் லாங்லி அதையே பெரிதாக்கி ஆளேற்றிப் பறக்க முயன்றபோது, 1903 அக்டோபரிலும் டிசம்பர் 8-ஆம் நாளிலுமாக இருமுறை விமானம் ஆற்றில் விழுந்தது. ஒன்பது நாட்கள் கழித்து ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள்.

சிறியது பறந்தது, பெரியது ஏன் விழுந்தது? ஏவிய முறை தவறென்றார் சிலர். சட்டம் வலுவற்றதென்றார் சிலர். இரண்டாவதன் அடியில் ஒரு கணக்கு உண்டு. அதனைக் கலிலியோ 1638-இலேயே எழுதிவைத்தார். ஒரு பொருளை எல்லாப் பக்கமும் இரு மடங்காக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்காகிறது. எடையோ எட்டு மடங்காகிறது. இந்தக் கணக்கு என்னையும் ஒருநாள் வந்து பிடித்தது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

நிற்க. வானொலி அலையால் மாதிரி விமானத்தை ஆளும் வித்தை எப்பொழுது பிறந்தது? இப்பேச்சை உங்கள் செவிக்கு ஏந்தி வரும் அலையின் இனத்தைச் சேர்ந்ததே அவ்வலையும். 1898-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு தொட்டி நீரில் சிறு படகை விட்டு, கம்பித் தொடர்பின்றி அதனைத் திருப்பிக் காட்டினார். படகு நீரில் மிதப்பது. எடையைப் பற்றி அத்துணைக் கவலையில்லை. விமானத்திற்கு அவ்வாறு முடியுமா? வால்வும் மின்கலமும் சுமந்து ஒரு சிறு விமானம் எழும்ப மேலும் நாற்பதாண்டுகள் ஆயின. 1937-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் அதனைச் செய்தனர். ஒருவர் விமானம் கட்டுவதில் வல்லவர். மற்றவர் வானொலிக் கருவியில் வல்லவர். எட்டடி இறக்கையுடைய அவ்விமானத்திற்குக் 'கஃப்' என்று பெயர். வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் அது பேணப்பட்டு வருகிறது.

அக்காலத்து ஆட்சி முறை வேடிக்கையானது. அலைபரப்பியின் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சுக்கான் வலப்புறம் திரும்பும். விட்டால் நடுவே வரும். மறுமுறை அழுத்தினால் இடப்புறம் திரும்பும். அடுத்தது வலமா, இடமா என்பதை ஓட்டுபவனே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மறந்தவன் விமானத்தை மரத்தில் தேடுவான்! கை அசையுமளவே சுக்கானும் அசையும் முறை 1960-களிலேதான் நன்கு பரவிற்று.

இதற்கிடையில் மாதிரி விமானம் போருக்கும் போயிற்று. 'டைகர் மாத்' என்பது 1931-இல் இங்கிலாந்தில் பிறந்த ஈரடுக்கு இறக்கை விமானம். நம் நாட்டுப் பறப்புக் கழகங்களில் ஒரு தலைமுறையே அதிலேறிப் பயின்றது. 1935-இல் அதனின்றும் 'குவீன் பீ', அதாவது இராணித் தேனீ, என்னும் ஆளில்லா விமானத்தை ஆக்கினார்கள். பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்காக, தரையிலிருந்து வானொலியால் இயக்கப்பட்ட இலக்கு அது. இராணித் தேனீயின் நினைவாகவே ஆளில்லா விமானத்திற்கு ஆண் தேனீயைக் குறிக்கும் 'ட்ரோன்' என்ற பெயர் வந்தது என்பர். அமெரிக்காவிலோ ரெஜினால்டு டென்னி என்னும் திரைப்பட நடிகர் ஹாலிவுட்டில் மாதிரி விமானக் கடை வைத்து, சிறுவர்க்குக் கட்டுமானப் பெட்டிகள் விற்றுவந்தார். அந்தக் கடையிலிருந்து வளர்ந்த தொழிற்சாலை இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான இலக்கு விமானங்களைச் செய்து கொடுத்தது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். ராஜாளித் தளத்தில் அந்நாளில் 'டுப்போலெவ் 142' என்னும் இரஷிய விமானங்கள் இருந்தன. 2017 மார்ச்சில் அவை ஓய்வு பெற்றன. அவற்றின் எஞ்சின் ஒவ்வொன்றிலும் இரண்டு விசிறிகள், ஒன்றற்கொன்று எதிராகச் சுழலும். அவை எழும்பும் ஒலியில் வகுப்பறை ஜன்னல்கள் அதிரும்; நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று காத்திருப்பேன். ஒரு பையன் எழுந்து, "எதிரெதிராக ஏன் சார் சுற்றவேண்டும்?" என்று கேட்டான். விசிறி ஒருபுறம் சுழன்றால் விமானத்தின் உடல் மறுபுறம் திருகப் பார்க்கும் என்று நியூட்டனின் மூன்றாம் விதியை எழுதிக் காட்டினேன். பையன் தலையசைத்தானே தவிர, முகத்தில் தெளிவு இல்லை.

1996-ஆம் ஆண்டில், தளத்தில் வேலை பார்த்த ஒரு மாணவனின் தந்தை, வெளிநாட்டிலிருந்து தாம் வாங்கிவந்த ஒரு கட்டுமானப் பெட்டியை எங்களுக்குக் கொடுத்தார். அது டைகர் மாத் விமானத்தின் எட்டில் ஒரு பங்கு மாதிரி. மெய் விமானத்தின் இறக்கை ஒன்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவு, எங்களுடையது 1.1 மீட்டர். பெட்டியில் வரைபடம், பால்சா மரப் பலகைகள், எஃகுக் கம்பி, போர்த்தும் மெல்லிய பட்டு ஆகியவை இருந்தன. பால்சா, தென்னமெரிக்காவில் விளையும் மரம், தக்கையைவிட இலேசானது. பள்ளிக்கூடம் விட்டபின் ஆய்வுக்கூடத்தின் நீண்ட மேசையில் வரைபடத்தை விரித்து, மேலே மெழுகுத்தாள் இட்டு, குண்டூசிகளால் விலாச் சட்டங்களை நிறுத்தி ஒட்டினோம். மூன்று மாதம் ஆயிற்று. ஆம்பூரில் உறவினர் இருந்த ஒரு பையன், தோல் பதனிடும் சாலையில் கழித்துப் போட்ட மெல்லிய ஆட்டுத்தோலைக் கொண்டுவந்து ஓட்டுபவர் இருக்கையின் விளிம்பைச் சுற்றித் தைத்தான். மெய் விமானத்திலும் அவ்விடத்தில் தோல் உண்டு என்று அறிந்து அவனுக்கு ஏற்பட்ட பெருமை சொல்லத் தரமன்று.

பட்டுப் போர்த்தியது குருவராஜப்பேட்டையிலிருந்து வந்த நெசவாளர் மகன். இழையின் போக்கை அவன் விரல்கள் அறிந்திருந்தன. போர்த்திய பட்டு விறைக்க 'டோப்' என்னும் ஒருவகை வார்னிஷைப் பூசுவார்கள். அழகுக்காக நாங்கள் மேன்மேலும் பூசினோம். வாலுக்குச் சிவப்பு வண்ணமும் கொடுத்தோம். ஆண்டு விழாவிற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையைப் பறக்கவிடும் நாளாக நானே குறித்தேன்.

முந்தின நாள் மாலை அப்பையன் என்னிடம் வந்தான். "சார், பாவுக்குக் கஞ்சி அதிகமாகக் குடித்துவிட்டால் நூல் கனக்கும். நம் வாலும் அப்படிக் கனத்திருக்கிறது" என்றான். வரைபடத்தில் எடைமையம் இன்ன இடத்தில் இருக்கவேண்டும் என்று குறித்திருந்தது. இறக்கையின் அடியில் இரு விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அரை நிமிட வேலை. நெம்புகோலைப் பதினைந்து ஆண்டுகளாகக் கற்பித்த நான், "எல்லாம் சரியாக இருக்கும், போ" என்று அனுப்பிவிட்டேன்.

சோளிங்கர்ப் பக்கத்தில் வற்றிக் கிடந்த ஓர் ஏரிக்குச் சென்றோம். அலைபரப்பியைக் கையிலெடுத்த அந்தத் தந்தை, "எடைமையம் பார்த்தாயிற்றா?" என்று கேட்டார். பையன்கள் பன்னிருவரும் சுற்றி நின்றார்கள். "ஆயிற்று" என்றேன். விமானம் ஓடிற்று, எழும்பிற்று, பையன்கள் கைதட்டினார்கள். பின்பு அதன் மூக்கு நிமிர்ந்தது, நிமிர்ந்துகொண்டே போயிற்று. அவர் எவ்வளவோ தாழ்த்தியும் கேளாமல், அந்தரத்தில் ஒரு கணம் நின்று, பக்கவாட்டில் சரிந்து, ஏரித் தரையில் விழுந்து நொறுங்கியது. ஒருவரும் பேசவில்லை. நெசவாளர் மகன் துண்டை விரித்துச் சில்லுகளைப் பொறுக்கலானான். என்னைக் குற்றஞ்சொல்லி அவன் ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை வகுப்பில், நான் பாராமலே பார்த்ததாகச் சொன்னேன் என்பதைப் பையன்களிடம் கூறினேன். அதைக் கூறுவதற்கு எனக்கு அரை மணி நேரம் பிடித்தது; நெம்புகோல் கணக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கலிலியோவின் கணக்கையும் அன்றுதான் உள்ளபடி கற்பித்தேன். நீளம் எட்டில் ஒன்றானால் இறக்கைப் பரப்பு 64-இல் ஒன்று. எடையோ 512-இல் ஒன்று. மெய்யான டைகர் மாத் ஆட்களும் எரிபொருளும் ஏறிய நிலையில் ஏறத்தாழ 830 கிலோ. அதனை 512-ஆல் வகுத்தால் 1.6 கிலோ. சதுர மீட்டர் ஒவ்வொன்றும் தாங்கும் சுமை எட்டில் ஒன்றாகிவிடுவதால், மெய் விமானத்தின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலிருந்தாலே மாதிரி விமானம் மிதக்கும். சிறியதற்கு இயற்கை காட்டும் சலுகை இது. பெரிதாக்கப் புகுந்த லாங்லிக்கு இதே கணக்குத் தலைகீழாய் நின்றது. எடைமையத்திற்கோ இத்தகைய சலுகை கிடையாது. சிறிதானாலும் பெரிதானாலும் அது தன் இடத்தில் இருந்தே தீரவேண்டும்.

இக்காலத்தில் ஏரிக்கரையிலே நினைத்தபடி பறக்கவிட முடியாது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் தழுவுவன. விமானத்தளங்களைச் சுற்றி அனுமதியின்றி எதையும் பறக்கவிடலாகாது. விருப்பமுடையோர்க்குத் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு நல்ல வழி. 1950-இல் தொடங்கிய அப்பிரிவின் பயிற்சியில் மாதிரி விமானம் கட்டுவதும் ஒரு பாடம். கடையில் முழுதும் செய்து முடித்த விமானங்கள் இன்று கிடைக்கின்றன. அவற்றைப் பறக்கவிடக் கற்கலாம். ஆனால் வால் ஏன் கனக்கிறது என்று அவை கற்றுத் தருமா என்பது எனக்கு ஐயமே.

2020 நவம்பரில் எங்கள் ராஜாளித் தளத்திற்கு 'சீ கார்டியன்' என்னும் ஆளில்லா விமானங்கள் இரண்டு, அமெரிக்காவிலிருந்து குத்தகைக்கு வந்து சேர்ந்தன. இறக்கை 24 மீட்டர். ஓட்டுபவர் தரையில் ஓர் அறையில் அமர்ந்திருக்க, செயற்கைக்கோள் வழியே ஆணை பெற்று, வங்கக் கடலுக்கு மேலே நெடுநேரம் சுற்றிவரும். 2024 செப்டம்பரில் அவற்றுள் ஒன்று பழுதுற்றுச் சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டது. உள்ளே மனிதர் எவரும் இல்லாமையால் உயிர்ச்சேதம் இல்லை. பெனோவின் பொம்மையும் குட் சகோதரர்களின் 'கஃப்' விமானமும் ஒன்று சேர்ந்து வளர்ந்த உருவமே அது. இங்கும் மாதிரிதான் முந்திற்று.

எங்கள் டைகர் மாத்தைப் பையன்கள் விடவில்லை. உடைந்த விலாக்களுக்குப் பதில் புதியன அறுத்து, வாலின் சிவப்பு வண்ணத்தைச் சுரண்டியெடுத்து, மூக்கினுள்ளே மீன்வலையின் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, விரலில் நிறுத்திப் பார்த்தார்கள். ஆண்டு விழா எப்பொழுதோ முடிந்துவிட்டது. ஏரிக்கு மறுபடி போனபோது நெசவாளர் மகன் விமானத்தை என் இரு விரல்களின்மேல் வைத்து, "பாருங்கள் சார்" என்றான். பார்த்தேன். அன்று அது ஆறு நிமிடம் பறந்தது. எழும்பும்போது இடப்பக்கம் திருகப் பார்த்தது, "மூன்றாம் விதி, சார்!" என்று கூவினான், டுப்போலெவ் விசிறியைப் பற்றி முன்பு கேட்ட பையன். தரையிறங்கும்போது ஒரு சக்கரம் கழன்று முட்புதர்ப் பக்கம் உருண்டோடிவிட்டது. அதனைத் தேடியெடுக்கும் பணியை நான் ஏற்றுக்கொண்டேன்.