ஜான் மிட்செலின் தேசாபிமானமும் அடிமை முறையும்

1848-இல், அவ்வாண்டே புதிதாக இயற்றப்பெற்ற ராஜத்துரோகச் சட்டத்தின்கீழ் 14 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்று, பெர்முடாவின் சிறைக் கப்பலிலும், கைதிகளை இறக்கவொட்டாமல் குடியேறியோர் தடுத்து நின்ற நன்னம்பிக்கை முனைத் துறைமுகத்திலும் காலங்கழித்து, இறுதியில் இன்றைய டாஸ்மேனியாவாகிய வான் டீமன் தீவில் விடப்பட்ட ஐரிஷ் புரட்சிக்காரரான ஜான் மிட்செல், அங்கிருந்து தப்பி 1853-ஆம் ஆண்டின் கடைசியில் நியூயார்க்கை அடைந்தார். அடைந்த சில வாரங்களிலேயே, தாம் தொடங்கிய ‘சிட்டிசன்’ பத்திரிகையில், அடிமைகளை வாங்குவதும் விற்பதும் சவுக்கால் வேலை வாங்குவதும் குற்றமாகா என்று எழுதினார். இதனால் விளையும் தர்மசங்கடத்தைத் தவிர்ப்பதற்கு, அயர்லாந்தின் தேசபக்தர் ஒருவர், அமெரிக்காவில் புத்தி திரிந்தவர் வேறொருவர் என்று மிட்செலை இரு கூறாக்கிக் காண்பதுண்டு. காலக்கணக்கே இதற்கு இடந்தரவில்லை: தென் மாகாணமாகிய டென்னஸியில் அவர் குடியேறியது அவ்வாறு எழுதிய பின்னரேயாம்.

மூலகாரணத்தை அயர்லாந்தின் பஞ்சத்திலேயே தேட வேண்டும். 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிய, ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மடிந்த அவ்வாண்டுகளில், தானியமும் கால்நடையும் துறைமுகங்களின் வழியே இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்தன. வியாபாரத்தின் இயற்கைப் போக்கில் அரசாங்கம் தலையிடலாகாதென்ற பொருளாதார சாஸ்திரமோ லண்டன் மந்திரிகளுக்கு வேதவாக்காயிருந்தது. இங்கிலாந்து வேண்டுமென்றே செய்த கொலை இது என மிட்செல் சாதித்தார். அத்தகைய திட்டம் இருந்ததென இன்றைய சரித்திராசிரியர் பெரும்பாலோர் ஒப்புவதில்லை. ஆயினும், தலையிடாமைக் கொள்கையின் கொடுமையை மறுப்பாரும் அரியர். நமக்கு வேண்டுவது அவர் அடைந்த முடிவு: முன்னேற்றம், ஜீவகாருண்யம், நாகரிகம் என அந்நூற்றாண்டு பெருமையோடு உச்சரித்த சொற்கள் அனைத்தும் அவர் செவிக்குப் பசித்தோரை ஏய்க்கும் கபடமாகவே ஒலித்தன. அடிமை ஒழிப்பும் அதே ஆங்கில ஜீவகாருண்யத்தின் கொடியோடு வந்ததால், அதையும் அவர் பகையின் பக்கத்தில் சேர்த்துவிட்டார். ஜனநாயகத்தையும் நீக்ரோக்களையும் ஒருசேர இகழ்ந்த ஸ்காட்லாந்து எழுத்தாளர் கார்லைலிடம் அவருக்கிருந்த பக்தி இதற்கு உரமாயிற்று.

ஐரிஷ் தேசியமே அவ்வாறு இட்டுச் சென்றது என்பதற்கில்லை. ஐரிஷ் தேசியத் தலைவர் ஓகானல் அடிமை முறையைக் கடுமையாகக் கண்டித்தார். மிட்செலின் தோழரும், அவரைப் போலவே வான் டீமன் தீவிலிருந்து தப்பியவருமான தாமஸ் பிரான்சிஸ் மீயர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாகாணங்களின் சேனையில் ஐரிஷ் படையொன்றை நடத்தினார். எனவே இது மிட்செலுக்கே உரிய தோஷம். அவர் நாடியது தம் தேசத்தின் சுதந்திரம்; மனிதன் என்ற அளவிலேயே எவனுக்கும் உரிமை உண்டென்ற கோட்பாட்டை அவர் என்றுமே ஏற்றவரல்லர். அவருடைய கோபத்தின் நியாயத்தை ஒப்புவோர் இக்குறையை மழுப்புவது, ஆராய்ச்சிக்கு அடாத தாட்சிண்யம்.

இது கணநேர ஆவேசமன்று என்பதற்கு அவர் பின்னாள் வாழ்வு சாட்சி. 1857-இல் நாக்ஸ்வில்லில் தொடங்கிய ‘ஸதர்ன் சிட்டிசன்’ பத்திரிகையில் ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தை மீண்டும் திறக்க வேண்டுமென வாதித்தார். தென் மாகாணங்களுக்காகப் போரிட்ட மூன்று புதல்வருள் ஒருவர் கெட்டிஸ்பர்க்கிலும் மற்றொருவர் சம்டர் கோட்டையிலும் மாண்டனர். போர் முடிந்தபின் தாமும் மன்றோ கோட்டையில் சிறையிருந்தார். இவ்வளவுக்கும் பிறகு, அயர்லாந்தின் டிப்பரேரி மக்கள் 1875-இல் அவரைப் பார்லிமெண்டுக்கு இருமுறை தேர்ந்தெடுத்தபோதும், மார்ச் 20-ஆம் நாள் நியூரியில் அவர் உயிர் பிரியும்வரையிலும், அடிமை முறை ஆதரவை அவர் கைவிட்டவரல்லர்.