மறுகாட்சித் தீர்ப்பு: இலங்கைக் கிரிக்கெட்டில் அதன் வரலாறு

விளையாட்டு மைதானத்தில் மத்தியஸ்தர் தம் கண்ணால் கண்டு வழங்கிய தீர்ப்பொன்றின்மீது சந்தேகமோ ஆட்சேபமோ எழுந்தவிடத்து, ஒளிப்பதிவை மீண்டும் ஓடவிட்டுப் பார்த்து, அத்தீர்ப்பை நிலைநிறுத்தவோ மாற்றவோ செய்யும் முறையே மறுகாட்சித் தீர்ப்பு எனப்படும். தொலைக்காட்சியில் உடனடி மறுகாட்சி முதன்முதலாகக் காட்டப்பட்டது 1963 டிசம்பர் 7 ஆம் திகதி, அமெரிக்கத் தரைப்படைக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் இடையே பிலடெல்பியாவில் நடந்த அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின்போது ஆகும். தயாரிப்பாளர் டோனி வெர்னா அன்று அதனைப் பார்வையாளரின் வேடிக்கைக்காகக் காட்டினாரேயன்றித் தீர்ப்புச் சொல்வதற்காக அன்று. அந்நாட்டுக் கல்லூரி ஆட்டங்களில் மறுகாட்சி தீர்ப்புக்குரிய சாட்சியாக ஏற்கப்படுவதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

கிரிக்கெட்டில் இம்முறை 1992 நவம்பரில், தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய அணிக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் தொடங்கிற்று. ஜொன்ரி ரோட்ஸ் எறிந்த பந்தினால் ரன் அவுட் ஆன சச்சின் டெண்டுல்கரே மூன்றாம் மத்தியஸ்தரால் ஆட்டமிழந்தவராக அறிவிக்கப்பட்ட முதல் வீரர். மூன்றாம் மத்தியஸ்தர் என்னும் கருத்தை முன்வைத்தவராக இலங்கையின் கிரிக்கெட் எழுத்தாளர் மஹிந்த விஜேசிங்க குறிப்பிடப்படுகிறார். தீர்ப்பில் திருப்தியுறாத வீரர் தாமே மேன்முறையீடு செய்யலாம் என்னும் யோசனையோ, சட்டத்தரணி செனக வீரரத்ன 1997 மார்ச் மாதத்தில் ஆஸ்திரேலியப் பத்திரிகையொன்றுக்கு எழுதிய கடிதத்தில் காணப்படுகிறது. கீழ்நீதிமன்றத் தீர்ப்பின்மீது மேல்நீதிமன்றம் செல்லும் உரிமை ஆட்டக்காரனுக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம். அக்கருத்தின் மூலகர்த்தா எனத் தம்மை அங்கீகரிக்குமாறு அவர் நெடுங்காலம் கோரி வந்தார்.

இவற்றுள் இரண்டாவது யோசனை இந்நாட்டவரிடமிருந்து எழுந்தமை தற்செயல் என்று கொள்வதற்கில்லை. 1995 டிசம்பர் 26 ஆம் திகதி மெல்பேர்ன் மைதானத்தில் இலங்கைப் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனின் பந்துகள் ஏழினை, முழங்கையை மடக்கி எறிந்தார் என்னும் காரணங்காட்டி, மத்தியஸ்தர் டரல் ஹெயர் நோ போல் என அறிவித்தபோது, கண் ஒன்று சொல்வதும் கருவி வேறொன்று சொல்வதும் எவ்வளவு தூரம் விலகிச் செல்லக்கூடும் என்பதை இலங்கை மக்கள் தம் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே கண்டனர். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் ஹொங்கொங்கிலும் அதிவேகக் கமராக்களைக்கொண்டு நடத்திய பரிசோதனைகள், அவர் கை பிறவியிலேயே முழுமையாக நிமிராதது எனவும், காண்போருக்குத் தோன்றுவது பெரும்பாலும் கட்புல மயக்கமே எனவும் காட்டின. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளோ, குற்றமற்றவர் எனப் போற்றப்பட்ட பந்துவீச்சாளர் பலருடைய கையும் ஓரளவு நிமிர்கின்றது என்பதை வெளிப்படுத்தவே, 2005 முதல் எல்லாருக்கும் பொதுவாகப் பதினைந்து பாகை என்னும் எல்லை விதிக்கப்பட்டது. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய கேள்விக்கு விடைதேடப் புகுந்த கமரா, உலகத்துப் பந்துவீச்சாளர் அனைவரையும் அக்கூண்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

2001 இல் இங்கிலாந்து அணி வந்திருந்தபோது கண்டி டெஸ்ட் போட்டியில் தவறான தீர்ப்புகள் மலிந்தன. துடுப்பில் பட்டு நிலத்தில் மோதி எழுந்த பந்தை கிரஹம் தோர்ப் பிடிக்க, மூன்றாம் மத்தியஸ்தரைக் கேளாமலே இலங்கையின் சனத் ஜயசூரிய ஆட்டமிழந்ததாக அறிவிக்கப்பட்டார். சினமுற்ற அவர் மைதானத்தைவிட்டு வெளியேறுகையில் தலைக்கவசத்தை வீசியெறிந்தார். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் இலங்கையில் நடந்த செம்பியன்ஸ் கிண்ணப் போட்டிகளில், எல்.பி.டபிள்யூ. விடயத்திலும் மத்தியஸ்தர் தொலைக்காட்சியின் உதவியை நாடலாம் எனப் பரீட்சார்த்தமாக அனுமதிக்கப்பட்டது. சமிந்த வாஸின் பந்துவீச்சில் பாகிஸ்தானின் ஷொயிப் மலிக் அவ்வாறு ஆட்டமிழந்த முதல் வீரரானார்.

எனினும் கேட்கும் உரிமை அப்போது மத்தியஸ்தரிடமே இருந்தது. அது வீரரின் கைக்கு மாறியது 2008 ஜூலையில், கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தொடங்கிய இந்திய அணியுடனான தொடரிலாகும். முரளிதரனின் பந்துக்கு மத்தியஸ்தர் மறுத்த எல்.பி.டபிள்யூ. முறையீட்டை அணித்தலைவர் மஹேல ஜயவர்தன மறுபரிசீலனைக்கு உட்படுத்தியதால் விரேந்தர் சேவாக் வெளியேற நேர்ந்தது. இலங்கை பதினொரு முறை வெற்றிகரமாக மறுபரிசீலனை கோர, இந்தியா ஒரேயொரு முறைதான் வென்றது. தொடரும் இரண்டுக்கு ஒன்று என இலங்கை வசமாயிற்று. இம்முறையின்மீது இந்திய நிர்வாகம் 2016 வரை காட்டிய பிடிவாதமான வெறுப்புக்கு, தொழில்நுட்பம் பற்றிய ஐயத்துடன் இந்தக் கசப்பும் ஒரு காரணமென்று கருதுவது பிழையாகாது.

இங்கே நுட்பமான பேதமொன்று உண்டு. பந்து துடுப்பில் பட்டதா, நிலத்தைத் தொட்டதா என்பன பிரத்தியட்சமாகக் காணத்தக்கவை. காலில் பட்ட பந்து படாதிருப்பின் விக்கெட்டைத் தாக்கியிருக்குமா என்பதோ அனுமானம். கொழும்புத் தொடரில் அனுமானப் பாதையைப் பயன்படுத்த அனுமதி இல்லை. 2009 நவம்பரில் நியூசிலாந்தின் டனீடனில் இம்முறை அதிகாரபூர்வமாக அறிமுகமான பின்னர் அது சேர்க்கப்பட்டபோது, பந்தின் சிறுபகுதியே விக்கெட்டில் படுமெனக் கணினி காட்டினால் மைதான மத்தியஸ்தரின் முதல் தீர்ப்பே நிலைக்கும் என விதி வகுத்தனர். ஒரே விதமான பந்து ஒரே இடத்தில் பட்டும் ஒருவர் வெளியேற மற்றவர் நின்றாடுவதைக் கண்டு இரசிகர் கொதிக்கின்றனர். ஆயினும் அனுமானத்தைப் பிரத்தியட்சமாக மதியாத அடக்கம் இவ்விதியில் இருப்பதால், அதனைக் குறைகூறுவதற்கில்லை.

கிழக்கிலங்கையில் பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை முதலான கரையோர ஊர்களின் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளிலோ இவ்வசதி எதுவும் கிடையாது. துடுப்பெடுத்தாடும் அணியின் ஆளே சில வேளை மத்தியஸ்தராய் நிற்க, “பட்டது காக்கா (அண்ணா), பட்டது” என்று எதிரணி சூழ்ந்துகொண்டு வாதிடுவதே மேன்முறையீடு.

மறுகாட்சி எட்டாத இடங்கள் சர்வதேச அரங்கிலும் உள்ளன. 2019 ஜூலை 14 இல் லோர்ட்ஸ் மைதானத்தில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியில், மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து பென் ஸ்டோக்ஸின் துடுப்பில் பட்டு எல்லைக்கோட்டைக் கடக்கவே, இலங்கை மத்தியஸ்தர் குமார் தர்மசேன ஆறு ஓட்டங்களை வழங்கினார். பந்து எறியப்பட்ட கணத்தில் துடுப்பாட்ட வீரர் இருவரும் இரண்டாம் ஓட்டத்தில் ஒருவரையொருவர் கடந்திராமையால் ஐந்தே வழங்கியிருக்க வேண்டும். மறுகாட்சி பார்த்த பின் தவற்றை ஒப்புக்கொண்ட அவர், அவ்விடயத்தை மூன்றாம் மத்தியஸ்தருக்கு அனுப்ப விதியில் இடமில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார்.

மற்றொரு சர்ச்சையில், 2023 நவம்பர் 6 ஆம் திகதி டில்லியில் இலங்கையின் அஞ்சலோ மத்யூஸ், நேரங்கடந்து ஆட்டமிழந்த முதல் சர்வதேச வீரராகப் பதிவானார். தலைக்கவசத்தின் பட்டி அறுந்ததால் தாமதித்த அவருக்கு எதிராகப் பங்களாதேஷ் அணித்தலைவர் ஷகிப் அல் ஹசன் முறையீடு செய்ததோடு, அதனை மீளப்பெறவும் மறுத்தார். பட்டி அறுபடுமுன்பே இரண்டு நிமிட அவகாசம் கடந்துவிட்டதென நான்காம் மத்தியஸ்தர் விளக்கமளிக்க, தமக்கு இன்னும் ஐந்து விநாடிகள் இருந்தன எனக் காட்டும் ஒளிப்பதிவை மத்யூஸ் தாமே அன்றிரவு வெளியிட்டார்.